சமையலறைக்குள் துப்பாக்கி எப்படி வந்தது? அர்பிதா சிங் ஓவியங்களும் நம்ம ஊர் வீடுகளும்

இளம்பிள்ளையிலோ பள்ளிபாளையத்திலோ உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால், இந்தக் காட்சி பழகியதுதான். வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. தறி ஓடுகிற சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். ஒரு மூலையில் பாட்டி தார் சுற்றுகிறார். கிரைண்டரில் இட்லி மாவு ஓடுகிறது. பையன் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். டிவியில் எங்கேயோ நடக்கும் போர். வாசலில் குழுக் கடன் வசூலுக்கு வந்தவர் நோட்டோடு நிற்கிறார். "அம்மா குளிச்சிட்டிருக்காங்க" என்று பொய் சொல்கிறது ஒரு சின்னக் குரல்.

இத்தனையும் நடப்பது ஒரே கூரைக்குக் கீழே, ஒரே நிமிடத்தில். இதை ஒரு படமாக வரையச் சொன்னால் எப்படி வரைவீர்கள்? போட்டோ எடுத்தால் தறி விழும், பாட்டி விழுவார். கடன்காரரைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வயிற்றில் ஏதோ புரண்டதே, அது விழாது. டிவியில் வெடித்த குண்டு ராத்திரி கனவில் சமையலறைக்குள்ளேயே வந்து வெடித்ததே, அதுவும் விழாது.

இந்த இரண்டையும் சேர்த்து வரைவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர் டெல்லியில் வாழும் ஓவியர் அர்பிதா சிங். அவர் படங்களைச் சிலர் 'மாயக் கற்பனை' என்பார்கள், சிலர் 'கனவுலகம்' என்பார்கள். என் கருத்து வேறு. அவர் வரைவது வீட்டைப் பற்றிய நேரடி ரிப்போர்ட். வீட்டுக்குள் நடப்பதை நேர்மையாகச் சொல்லப் போனால் அது கனவு மாதிரிதான் இருக்கும். இதைப் புரிந்துகொள்ள சேலம், நாமக்கல்காரர்களுக்கு ரொம்பக் கஷ்டம் இருக்காது.

யார் இந்த அர்பிதா சிங்?

1937-ல் கொல்கத்தாவை ஒட்டிய பாராநகரில் பிறந்தவர். 1946-ல் குடும்பம் டெல்லிக்கு இடம்பெயர்ந்தது. 1954 முதல் 1959 வரை டெல்லி பாலிடெக்னிக்கின் கலைப் பள்ளியில் படித்தார். அங்கே உடன் படித்த பரம்ஜித் சிங்கை 1962-ல் திருமணம் செய்துகொண்டார். அவரும் ஓவியர். மகள் அஞ்சும் சிங்கும் ஓவியராகவே வளர்ந்தார், 2020-ல் காலமானார்.

முதல் தனிக் கண்காட்சி 1972-ல் டெல்லியில். 1980-களின் கடைசியில் நளினி மலானி, மாதவி பரேக், நிலிமா ஷேக் ஆகியோருடன் சேர்ந்து நான்கு பெண்களாக நடத்திய கண்காட்சி இந்திய ஓவிய வரலாற்றில் முக்கியமானது. 2011-ல் பத்மபூஷண். 2019-ல் டெல்லியின் கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் அவருடைய ஆறு பத்தாண்டு வேலையை முழுசாகக் காட்டிய பெரிய கண்காட்சி. 2025-ல், 87 வயதில், லண்டனின் செர்பன்டைன் கேலரியில் தனிக் கண்காட்சி. இந்தியாவுக்கு வெளியே ஒரு பொதுக் கலை நிறுவனம் அவருக்கென்றே நடத்திய முதல் கண்காட்சி அதுதான்.

பேப்பரில் அடிக்கடி வந்தது இன்னொரு செய்தி. 16 கேன்வாஸ்களைச் சேர்த்து, 24 அடிக்கு 13 அடி அளவில் அவர் வரைந்த 'விஷ் டிரீம்' என்ற ஓவியம் 2010 ஏலத்தில் சுமார் ஒன்பதரைக் கோடி ரூபாய்க்குப் போனது. அந்த நேரத்தில் ஓர் இந்தியப் பெண் ஓவியரின் படத்துக்கு அது சாதனை விலை. விலையைப் பேசிவிட்டுப் படத்தைப் பார்க்காமல் போவது நமக்குப் பழக்கம். இங்கே படத்தைப் பார்ப்போம்.

அவர் படத்தில் என்ன இருக்கும்?

பெரும்பாலும் ஒரு பெண். சினிமா போஸ்டர் பெண் கிடையாது. நடுத்தர வயது, சரிந்த வயிறு, களைத்த தோள். சில படங்களில் உடையும் இல்லை. அவரைச் சுற்றி நாற்காலி, டீ கப், பூ, பழம், வாத்து, கார், விமானம், துப்பாக்கி. நடுநடுவே எழுத்துகள், எண்கள், பிற்காலப் படங்களில் ஊர் வரைபடங்கள். எது முன்னால், எது பின்னால் என்றே தெரியாது. ஆகாயத்தில் இருக்க வேண்டிய விமானம் பூ அளவுக்குச் சின்னதாகிப் பக்கத்திலேயே இருக்கும். ரோஸ், நீலம் என்று பெயின்ட் திட்டுத்திட்டாக அப்பியிருக்கும். பல படங்களில் ஓரத்தைச் சுற்றிக் கரை ஓடும், புடவைக் கரை மாதிரி.

முதல் தடவை பார்க்கும்போது குழந்தை வரைந்தது போல அழகாக இருக்கும். இரண்டாம் தடவை துப்பாக்கி கண்ணில் படும். மூன்றாம் தடவை, அந்தத் துப்பாக்கியை யாருமே கவனிக்கவில்லை என்பது கண்ணில் படும். அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயமே அங்கேதான் இருக்கிறது.

துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

1984-ல் டெல்லியில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டபோது அர்பிதா அந்த ஊர்வாசி. கணவர் அமிர்தசரஸில் பிறந்தவர். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பல நகரங்களில் கலவரம். 1993-ல் அவர் வரைந்த படத்தின் பெயர் 'என் அம்மா'. வயதான அம்மா முன்னால் பெரிதாக, அமைதியாக நிற்கிறார். பின்னால் தெருவில் கலவரம், வெள்ளைத் துணி சுற்றிய உடல்கள். அம்மாவின் முகத்தில் அலறல் இல்லை. அவர் நிற்கிறார், அவ்வளவுதான்.

கலவரத்தைப் பற்றி ஒரு படம், அம்மாவைப் பற்றி ஒரு படம் என்று அவர் பிரித்து வரைந்திருக்கலாம். பிரிக்கவில்லை. ஏனென்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது பிரிந்து வருவதில்லை. சோறு வடிக்கும்போதுதான் செய்தி வருகிறது. வெளியே போன பிள்ளை வருகிறானா என்று பார்த்துக்கொண்டேதான் குழம்பு கொதிக்கிறது.

1990-ல் வரைந்த 'தேவி பிஸ்டல் வாலி' படத்தில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண். சாமிக்கு இருப்பது போலப் பல கைகள். ஒரு கையில் பிஸ்டல். நம்ம ஊர் மாரியம்மனையும் பத்ரகாளியையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. வீட்டு வேலை செய்கிற பெண்ணிடம் "எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நாம் எல்லோரும். அர்பிதா அந்தக் கேள்விக்கு வரைந்து பதில் சொல்கிறார்.

நேரா வரைஞ்சா போதாதா?

நல்ல கேள்வி. கொரோனாவில் 2021 ஜூனில் நாம் இழந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்கள் உங்கள் போனிலும் வந்திருக்கும். கும்பகோணம் பக்கத்து ஊரில் பிறந்த அவர், மாநிறப் பெண்களைக் கதவோரத்தில், சன்னல் வெளிச்சத்தில், பாத்திரம் பண்டங்களோடு போட்டோவா ஓவியமா என்று தெரியாத அளவுக்கு வரைந்தார். தமிழ் வீட்டுப் பெண்ணின் தோலையும் வெளிச்சத்தையும் அவ்வளவு மரியாதையோடு காட்டியவர்கள் குறைவு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தப் படங்களில் நாம் பார்ப்பது அந்தப் பெண்ணை. அவள் என்ன பார்க்கிறாள் என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும். அர்பிதாவின் படத்தில் நாம் அவள் தலைக்குள் உட்கார்ந்து வெளியே பார்க்கிறோம். அங்கிருந்து பார்த்தால் எதுவும் சரியான அளவில் இருக்காது. கடன் வீட்டை விடப் பெரிதாக இருக்கும். புருஷன் சில நாள் நாற்காலி அளவுக்குச் சின்னதாகிவிடுவார். செத்துப்போன அம்மா சமையல் மேடையில் உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து பார்க்கும் யதார்த்தமும் வேண்டும், உள்ளிருந்து பார்க்கும் கனவும் வேண்டும். முதலாவது நமக்குக் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. இரண்டாவது கிட்டத்தட்ட இல்லை.

கனவு தயாரிப்பது சேலத்துக்குப் புதுசு இல்லை. 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இங்கேதான் இருந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் மிச்சம். அந்தக் கனவில் குகை இருந்தது, புதையல் இருந்தது. வீட்டை விட்டு மூன்று மணி நேரம் தப்பித்துப் போகத்தான் ஜனம் டிக்கெட் வாங்கியது. அர்பிதாவின் கனவு தப்பிக்க விடாது. அது டீ டேபிளிலேயே நடக்கிறது.

ஒரு காலித் தொட்டில்

இந்த ஊருக்குக் கனவு பாஷை எதற்கு என்பவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்ட வேண்டும். 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கிய இடம் சேலம் மாவட்டம். அப்போது நாமக்கல்லும் சேலத்தோடுதான் இருந்தது; 1997-ல்தான் தனி மாவட்டமானது. பிறந்த பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், வேண்டாம் என்றால் இங்கே விட்டுவிட்டுப் போங்கள் என்று அரசே தொட்டில் வைத்துக் காத்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். அரசு வைத்த ஒரு காலித் தொட்டில், ஏதோ ஒரு வீட்டிலிருந்து வரப்போகும் குழந்தைக்காகக் காத்திருக்கிறது. எந்தக் கனவு ஓவியரும் இதை விட விசித்திரமாகக் கற்பனை செய்துவிட முடியாது. இது அரசாணை. அந்தக் குழந்தைகள் வந்ததும் சாதாரண வீடுகளிலிருந்துதான். அதே வீடுகளில் கோலம் இருந்தது, மாமியார் வைத்த குழம்பு இருந்தது, காது குத்து விருந்து இருந்தது.

அது பழைய கதை என்றால் புதுக் கதைக்கு வருவோம். 2025 ஜூலையில், பள்ளிபாளையம் பகுதியில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் விலை பேசப்பட்ட விவகாரம் செய்தியானது. நாம் படித்தோம், ஷேர் செய்தோம், அடுத்த செய்திக்குப் போனோம். உடம்பிலிருந்து ஓர் உறுப்பு போன பிறகும் அந்த வீட்டில் மறுநாள் காலை அடுப்பு எரிந்திருக்கும். அந்தக் காலையைச் செய்தியால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லத்தான் ஒரு ஓவியரோ எழுத்தாளரோ வேண்டும்.

வீட்டில் நடப்பதை நாம் சின்ன விஷயம் என்றே நினைக்கிறோம். "வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டால் "சும்மாதான் இருக்காங்க" என்று பதில் சொல்லும் ஊர் இது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் மாதம் 1,000 ரூபாயை 'உதவி' என்று சொல்லாமல் 'உரிமை' என்று சொன்னது. அந்த ஒரு சொல்லுக்கே எவ்வளவு விவாதம்! வீட்டு வேலையைக் கணக்கில் சேர்ப்பது ஒரு பாதி. வீட்டுக்குள் ஓடும் மனசைக் கணக்கில் சேர்ப்பது மறு பாதி. அதைக் கலைதான் செய்ய முடியும்.

தறிக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தம்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. அர்பிதா சிங் படிப்பு முடிந்ததும் போய்ச் சேர்ந்த வேலை, மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் டிசைனர் வேலை. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் பார்த்தார்.

கைத்தறி நெசவாளர்களுக்குப் புது டிசைன் கொடுக்க 1950-களில் தொடங்கிய இந்த மையங்கள், அந்தக் கால ஓவியர்களுக்குச் சோறு போட்ட இடங்கள். கே.ஜி. சுப்பிரமணியன், பிரபாகர் பர்வே, நம்ம சென்னையின் ரெட்டப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம் எல்லோரும் இவற்றில் வேலை பார்த்தவர்கள். அங்கே அர்பிதா துணியோடு பழகினார். வங்காளப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, ஓட்டுத் தையலால் கதை தைக்கும் காந்தா வேலையின் சாயல் அவர் படங்களில் இருப்பதாக விமர்சகர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். நெருக்கமான சின்னச் சின்னத் தீற்றல்கள், ஓரக் கரை, காலி இடமே விடாத நிரப்பல் எல்லாம் துணியின் இலக்கணம்.

அதே நெசவாளர் சேவை மையம் சேலத்திலும் இருக்கிறது. கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரியும் இங்கே இருக்கிறது. வெண்பட்டுக்குப் பேர் போன ஊர். பாவு, ஊடை, கரை, முந்தி என்று கண்ணை மூடிக்கொண்டே டிசைன் பேசத் தெரிந்த ஆயிரக்கணக்கான பேர் இந்தச் சமவெளியில் இருக்கிறார்கள். இங்கிருந்து ஓர் ஓவியர் வர முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ஆனால் ஓவியம் படிக்க அரசு கவின்கலைக் கல்லூரி வேண்டுமென்றால் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும். வரைகிற பெண் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் பதில், "பி.காம் படி, அப்புறம் வரையலாம்."

"என் பொண்ணு கூட இப்படி வரைவா சார்"

அர்பிதா படத்தை நண்பர்களிடம் காட்டும்போதெல்லாம் வரும் கமென்ட் இது. வரையட்டும், சந்தோஷம். ஆனால் ஒரு விஷயம். 1970-களில் பல ஆண்டுகள் அர்பிதா உருவங்களையே விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளையில் வெறும் புள்ளியும் கோடும் போட்டார். ஏற்கெனவே கண்காட்சி நடத்திய ஓவியர், மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் நாம் இன்று பார்க்கும் பெண்களும் பூக்களும் துப்பாக்கிகளும் வந்தன. குழந்தைத்தனமாகத் தெரிவது, கை படிந்த பிறகு தெரிந்தே தேர்ந்தெடுத்த எளிமை.

இன்னொரு விமர்சனம் இதை விட நியாயமானது. அவர் வரைந்தது டெல்லி நடுத்தர வர்க்க வீடு. விசைத்தறித் தொழிலாளி வீட்டில் டீ டேபிள் எங்கே இருக்கு? ஒப்புக்கொள்கிறேன். அவர் படத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டினால் நம்ம வீடு ஆகிவிடாது. நமக்குத் தேவை அவருடைய பூவும் வாத்தும் இல்லை, அவருடைய துணிச்சல். பார்த்ததையும் பயந்ததையும் ஒரே தாளில் போடும் துணிச்சல். எழுத்தில் பெருமாள்முருகன் இந்த மண்ணின் வீடுகளுக்குள் போய்க் காட்டிவிட்டார். அதற்கு அவர் கொடுத்த விலையும் நமக்குத் தெரியும். ஓவியத்தில் அந்த இடம் இன்னும் காலி.

சரி, என்ன பண்ணலாம்?

பெரிய கோரிக்கை எதுவும் இல்லை. ஒரு சுவர் வேண்டும். சேலத்திலோ நாமக்கல்லிலோ, பஸ் பிடிக்கிற தூரத்தில், செருப்பைக் கழற்றச் சொல்லாத, டிக்கெட் கேட்காத ஒரு ஹால். அதில் மாதம் ஒரு ஓவியர். நெசவாளர் மையத்து டிசைனர்களின் வேலையும் அங்கே தொங்கட்டும். 24 அடிப் படத்தை ஆறு இஞ்ச் ஸ்க்ரீனில் பார்த்து ஸ்க்ரோல் செய்கிற தலைமுறைக்கு, ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை ஓவியராகவும் இருந்தவர். அவர் பாட்டு நினைவிருக்கும் ஊரில் அவர் தூரிகை நினைவில்லை. காரணம் எளிது. பாட்டு வாயில் வரும். படத்துக்கு இடம் வேண்டும்.

அந்தச் சுவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் நீங்கள் ஆடிக்கு ஊருக்கு வருவீர்கள். அப்போது அம்மாவிடம் கோல நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். முக்கால்வாசி வீடுகளில் ஒன்று இருக்கும். பழைய கணக்கு நோட்டு, அட்டை கிழிந்தது. பேனாவில் புள்ளி, பென்சிலில் கோடு. பக்கத்து ஓரத்தில் பால் கணக்கு, சீட்டுத் தவணை, யாருடைய போன் நம்பரோ, பாதி எழுதிய சமையல் குறிப்பு. புள்ளி, கோடு, எண், எழுத்து, வீடு எல்லாம் ஒரே பக்கத்தில்.

எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைப் போடும்போது என்ன நினைச்சுக்கிட்டிருந்தீங்க?"

முதலில் "அட போடா, சும்மா போட்டது" என்பார். கொஞ்சம் பொறுங்கள்.